வளர்பிறையில் ஓர் ஏலம்

ஹர்த்தால் அறிவிப்பு வந்தால் திருவனந்தபுரமே முகத்தைச் சுளிக்கும். பால் கிடைக்குமா, பஸ் ஓடுமா என்று ஆளாளுக்குப் புலம்புவோம். எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும். வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிடுவாள்.

"நாளைக்கு ஹர்த்தாலாம், கேட்டியளா தம்பி? ஒரு மனுசன் வெளிய போவ மாட்டான். எல்லாவனும் கையில போனை வச்சுக்கிட்டு வீட்டுல கெடப்பான். அந்தச் சுவர்க் கடிகாரத்தை நாளைக்கே ஏலத்துல போட்டிருவோம்."

நாங்கள் அப்போது வலியசாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். எனக்கும் மனைவிக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்கா நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவாள். நைட்டிக்கு மேல் தோளில் ஒரு தோர்த்துத் துண்டு, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் எப்போதும் போன். அவள் கணவரை அண்ணாச்சி என்போம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார்.

பழைய சாமான்களும் செடிகளும் விற்பதற்காக அக்கா வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றும். யார் வீட்டில் எது வேண்டாமோ அதை அவளிடம் சொன்னால் போதும். படம் எடுத்துக் குழுவில் போட்டு விற்றுக்கொடுப்பாள், அண்ணாச்சி பழைய பேப்பரும் டேப்பும் வைத்துப் பொட்டலம் கட்டுவார். விற்பவர் பெயரை மட்டும் வெளியே சொல்லவே மாட்டாள். பெயர் தெரிந்தால் ஏன் விற்கிறார் என்று கதை கேட்பார்களாம், கதை கேட்டால் விலை இறங்குமாம்.

எல்லாவற்றையும் ஏலத்துக்கு எடுக்கவும் மாட்டாள். என் மனைவி ஒருமுறை, வாங்கிக் கொஞ்ச நாளே ஆன மிக்ஸியை, சத்தம் தாங்கவில்லை என்று ஏலத்தில் போடச் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டாள்.

"மிக்ஸி என்ன விலைன்னு கடைக்குப் போனா தெரியும். விலை தெரிஞ்ச சாமானை ஏலத்துல வச்சா எல்லாவனும் அதுக்குக் கீழதான் கேப்பான். அதுக்கு ஒரே விலை, வேணும்னவன் எடுத்துக்கிடட்டும். இன்ன விலைன்னு எவனுக்கும் தெரியாத சாமானுக்குத்தான் மக்ளே ஏலம்."

விலை தெரியாத சாமானாக இருந்தால் மட்டும் போதாது. ஏலத்துக்கு எடுப்பதற்குச் சில நாள் முன்னாலேயே படத்தை மட்டும் குழுவில் போடுவாள். விலை கிடையாது, தேதி கிடையாது, சும்மா பாருங்கள் என்று போடுவாள். பிறகு யார் என்ன எழுதுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனிப்பாள்.

"'சூப்பர்'னு எழுதுகவன் வாங்க மாட்டான், பாத்துக்கோங்க. 'நீளம் எவ்வளவு'ன்னு ஒருத்தன் கேக்கான் பாருங்க, அவன் வீட்டுல எடம் பாத்தாச்சு. அப்படி ரெண்டு பேராவது வரணும். ஒத்தையாளுக்கு ஏலம் போட்டா, பந்தியில ஒருத்தன் மட்டும் உக்காந்து சாப்பிடுக மாதிரி. அவனுக்கும் ருசிக்காது, வெளம்புகவனுக்கும் மனசு கொள்ளாது."

ஒரே ஆள்தான் ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விலை சொல்லி முடித்துவிடுவாள். ஒருவரும் ஆசைப்படவில்லை என்றால் சாமான் அவள் வீட்டு மாடியில் கிடக்கும். ஒரு மரக் குதிரை அப்படி வருடக்கணக்காகக் கிடந்தது. அண்ணாச்சி அதன் மேல் ஈரத்துண்டு காயப்போடுவார்.

நேரம் வைப்பதில் அவளுக்கு நிகர் அவளேதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ஏலம் முடியும். சொந்தக்காரர் வீடு, கோயில், சினிமா என்று போனவர்கள் எல்லாரும் திரும்பிக் கைகால் கழுவி உட்காருகிற நேரம் அது. திங்கள் காலையிலேயே பார்சல் அனுப்பிவிடலாம். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க எங்காவது ஒரு குடோனில் கிடந்து செடி வாடிவிடும். சம்பளம் வருகிற வாரமாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கக் கூடாது. கிரிக்கெட் இருக்கக் கூடாது. ஓணத்துக்கு முன்னால் எல்லாரும் புதுசு வாங்குவார்கள், ஓணம் கழிந்தால் எல்லாரும் பழசை விற்க வருவார்கள், இரண்டுமே ஆகாது. அம்மன் கோயில் பொங்காலை நெருங்கினால் குழுவுக்கே விடுமுறை. இடியும் மழையுமாக இருந்தாலும் ஏலம் கிடையாது. கரண்டு போய், நெட்டும் போய்விட்டால் கடைசி நிமிடத்தில் கேட்கிறவன் எப்படிக் கேட்பான் என்பாள்.

ஆர்க்கிட் செடியைப் பூத்த பிறகு விற்க மாட்டாள். மொட்டு தடித்து, நிறம் லேசாகத் தெரிகிற வாரத்தில்தான் படம் போடுவாள். பூத்ததை வாங்குகிறவனுக்கு அது வாடுவதைப் பார்க்கிற வேலைதானே மிஞ்சும், அவன் வீட்டில் போய்த்தான் பூக்க வேண்டும் என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அதைக் கேட்ட நாளில்தான்.

நேரம் பார்க்கிற அந்தக் கண்ணை அவள் ஏலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சந்தில் யாரும் யாரிடமும் எதையாவது கேட்கப் போகும் முன் அக்காவிடம் யோசனை கேட்பார்கள். ஹவுஸ் ஓனரிடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி நான் கேட்கக் கிளம்பியபோது, "இன்னைக்கு வேண்டாம், அவரு மக வந்துட்டுத் திரும்பிப் போன நாளு, மனசு சரியிருக்காது. புதன்கிழமை போங்க" என்றாள். புதன்கிழமை போனேன். வெள்ளையடித்துக் கொடுத்தார், ஜன்னலுக்குப் பெயின்டும் சேர்த்து.

ஆனால் ஒரு காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அண்ணாச்சி தினமும் காலையில் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். ஒரு நாள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்குப் போன் வந்தது. அண்ணாச்சியின் அண்ணன் நாகர்கோவிலில் இறந்துவிட்டார். அக்கா வாசல் வரை வந்து, ஒன்றும் சொல்லாமல், அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்து முடித்து வந்து, அவர் காப்பி குடித்த பிறகுதான் சொன்னாள். வெறும் வயிற்றில் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவார் என்று அவள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, சர்க்கரைக்காரர்.

துக்கம் கேட்க நான் போனபோது அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "நான் வழியில ஒருத்தர்கிட்ட வெளையாட்டுப் பேசிச் சிரிச்சேன் தம்பி. எங்க அண்ணன் செத்துக் கெடக்கான், நான் சிரிச்சுட்டு நடக்கேன்." அக்கா உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

குழுவில் அவள் சட்டம் ரொம்பக் கறார். ஏழரைக்கு அவள் 'க்ளோஸ்டு' என்று போட்டுவிட்டால் அதற்குக் கீழே யார் எவ்வளவு கேட்டாலும் செல்லாது. விற்கிறவரோ அவர் வீட்டாரோ தங்கள் சாமானுக்குத் தாங்களே விலை கேட்கவே கூடாது. அது விலையை ஏற்றிவிடுகிற கள்ளத்தனம் என்பாள். அவள் தங்கை மகன் தன் சைக்கிளுக்குச் சிநேகிதன் போனிலிருந்து விலை ஏற்றிக் கேட்டான். அக்கா கண்டுபிடித்து, இரண்டு பேரையும் குழுவிலிருந்து வெளியே தள்ளினாள். அந்த வருடம் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவளை முறையாகக் கூப்பிடவில்லை. "கூப்பிடாட்டா வேண்டாம். நாளைக்கு ஒருத்தன் என்னை நம்பி விலை சொல்லணும்லா?" என்றாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாக வாங்கியது. என் இடுப்பளவு நீளக் குழாய், மூன்று கால் ஸ்டாண்டு. பெண்ணுக்குப் பட்டு எடுப்பதுபோல் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பொன்முடிக்கு பஸ்ஸில் போவேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்வேன். கண்டக்டர்கள் அதற்கும் டிக்கெட் கேட்டு வம்பு பண்ணுவார்கள்.

பிறகு என் வலது கண் கெட்டது. நடுவில் ஒரு கறை விழுந்து, பார்க்கிற முகம் எல்லாம் மூக்கில்லாத முகமானது. இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், திரும்ப வராது என்றார் டாக்டர். நான் எப்போதும் வலது கண்ணால்தான் தொலைநோக்கியில் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியால் மூடி நடைவழியில் நிறுத்தினேன். அதைக் கடக்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. இது இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அப்போது ஜூன் மாதம், இடவப்பாதி மழை பிடித்திருந்தது. அக்கா ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினாள்.

"இதை இப்பம் எவன் வாங்குவான்? மேகத்தையா பாப்பான்? விருச்சிகம் வரட்டும், நம்ம கார்த்திகை. ஆகாசம் தெளியட்டும். அதுவரைக்கும் கண்ணாடியில பூஞ்சை பிடிக்காம வச்சுக்கோங்க."

"எனக்கு விலை முக்கியமில்ல அக்கா. தூக்கிக்கிட்டுப் போனாப் போதும்."

"உங்களுக்கு முக்கியமில்ல. எனக்கு முக்கியம்."

மழைக்காலம் முழுக்க நான் நச்சரித்தேன். போன கிழமை கேட்டேனே, இந்தக் கிழமை என்ன ஆச்சு என்று வாசலில் நின்று சண்டை பிடித்தேன். அவள் அசையவில்லை. மழை விட்டுக் காற்று மாறியதும் துணியை விலக்கித் தொலைநோக்கியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருவர் காட்டாக்கடையில் ஒரு டாக்டர். இன்னொருவர் கல்லாறில் ஆற்றோரம் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு அறைகள் வைத்திருந்தவர். அவர் ஸ்டாண்டின் உயரத்தைக் கேட்டார். அக்கா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"வளர்பிறையில வைக்கணும். ஞாயித்துக்கிழமை முடிச்சுக் கொடுத்தா, கொண்டுபோன அன்னைக்கே நல்ல நெலா இருக்கும். அமாவாசையில கொடுத்தா அவன் எதைப் பாப்பான்?"

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தாள். இதில் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு படம் வேண்டுமாம். இல்லாவிட்டால் வெறும் குழாய் என்று நினைத்துவிடுவார்களாம். நான் தொலைநோக்கியை நிலாவுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கினேன்.

"தெளிவாட்டு இல்லையே தம்பி. நீங்க பாத்துச் சரி பண்ணுங்க."

"என்னால முடியாதுக்கா. கண்ணு."

"எந்தக் கண்ணு?"

"வலது."

"எடது?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"பின்னே? இதுல ஒரு ஓட்டைதானே இருக்கு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை மாதமாக அது எனக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. தோன்ற விடாமல் வைத்திருந்தேன். கண் போன கோபத்தில் யாரையாவது தண்டிக்க வேண்டியிருந்தது, கைக்கு அகப்பட்டது அந்தத் தொலைநோக்கி. வேண்டா வெறுப்பாகக் குனிந்து இடது கண்ணை வைத்தேன். பழக்கமில்லாத கண் நீர் விட்டது, தானாக மூடிக்கொண்டது. திருகைத் திருப்பத் திருப்ப, கலங்கிய வெள்ளை மெல்ல ஒதுங்கி, நிலா வந்து நின்றது. அதன் பள்ளங்களில் நிழல் விழுந்திருந்தது. ஒவ்வொரு பள்ளமும் எனக்கு முன்பே தெரிந்த பள்ளம். எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கண் வைக்கிற ஓட்டையில் வைத்துப் படம் எடுத்தாள். "கிட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் ஏலம் குழுவில் ஏறியது.

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழைக்காலம் முழுக்க விற்றுக் கொடு, விற்றுக் கொடு என்று அவள் உயிரை வாங்கிவிட்டு, எந்த முகத்தோடு சொல்வது? வெள்ளியும் சனியும் ஆபீசிலிருந்து வந்ததும் நேரே மாடிக்குப் போனேன். கொடுக்கப்போகிற சாமானைச் சோதித்துவிட்டுத்தானே கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏலம் சூடு பிடித்தது. டாக்டர் ஒன்று சொன்னால் கல்லாறுக்காரர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாசித்து, "நல்ல விலை போகுது" என்று குதூகலித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன். ஏழரை நெருங்கும்போது டாக்டர் விலகிக்கொண்டார். கல்லாறுக்காரர் சொன்னது நின்றது. இனி அக்கா 'க்ளோஸ்டு' போட வேண்டியதுதான் பாக்கி.

நான் என் போனை எடுத்து, அதற்கு மேல் ஒரு தொகையைப் போட்டு அனுப்பினேன்.

"அட, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!" என்று மனைவி என் கையைப் பிடித்தாள். அதற்குள் போய்விட்டது.

அது என் சாமான் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு என் பெயருக்கு முடித்துவிட்டால் தொலைநோக்கி என்னிடம் இருக்கும், கேட்பாரில்லை. இல்லை, சட்டப்படி என் விலையைத் தள்ளிவிட்டுக் கல்லாறுக்காரருக்குக் கொடுத்தால், காலையில் அவர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஏழரை ஆயிற்று. 'க்ளோஸ்டு' வரவில்லை. எனக்குத் தெரிந்து அதற்கு முன் அவள் நேரம் தவறியதில்லை. "க்ளோஸ் ஆயோ சேச்சி?" என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தேன். அக்கா கூடத்து விளக்கின் கீழே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள். அவள் மலையாளத்தில் பேசுவது முதலில் ஜன்னல் வழியாகவும் பிறகு என் போனிலும் கேட்டது. கடைசி விலை விற்கிறவர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது, அது செல்லாது, அவரைக் குழுவிலிருந்து நீக்குகிறேன் என்றாள். முறைப்படி சாமான் கல்லாறுக்காரருக்குச் சேர வேண்டியது, ஆனால் கொடுக்கப்போவதில்லை என்றாள். விற்க மனமில்லாதவருடைய பொருளை, தெரிந்தே நான் ஏலத்துக்கு எடுத்துவிட்டேன், பிழை என்னுடையது, அதற்காக இந்த மாதமும் அடுத்த மாதமும் நான் ஏலம் நடத்தப்போவதில்லை, எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

அடுத்த நொடி நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். என் மனைவியின் போனில் கல்லாறுக்காரர் எழுதியிருந்ததைப் பார்த்தோம்: "சாரமில்ல சேச்சி." பரவாயில்லையாம்.

நான் மாடிக்குப் போய்விட்டேன். அக்கா படியேறி வருகிற சத்தம் கேட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தயாராக நின்றேன். அவள் மேல்மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னைக்கே பாத்தேன் தம்பி."

"எதை?"

"நீங்க குனிஞ்சு பாத்துட்டு நிமிந்தியள்லா, அந்த மொகத்தை. இவரு இதை விக்க மாட்டாருன்னு அப்பமே மனசுல பட்டுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல." தோர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆகாசம் தெளிஞ்சு கெடக்கு, ரெண்டு ஆளு துடிக்கான், மாசம் பொறந்திருக்கு. இதைவிட நல்ல நேரம் வராதுன்னு தோணிச்சு. அவிய அண்ணன் செத்த விசயத்துலயும் இதே புத்திதான். நான் நேரத்தைத்தான் பாக்கேன். ஆளைப் பாக்கல்ல."

எனக்கு அவளிடம் அன்று வருத்தமே இல்லை, நான் செய்ததற்கும் இன்றுவரை வருத்தமில்லை. தொலைநோக்கியை நிலாவுக்கு நேரே வைத்து, பாருங்களேன் என்றேன். அவள் அதுவரை அதில் கண்ணை வைத்துப் பார்த்ததே இல்லை, போனைத்தான் வைத்திருந்தாள். நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். "அய்யோ" என்றாள் மெதுவாக.

எதிர் வாசலிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார். தோசை ஊற்றி வைத்திருக்கிறாராம், ஆறிக்கொண்டிருக்கிறதாம்.

"ஆறட்டும்" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல்.